காரத்துப் பக்கம்

நாயைத் திட்டாதீங்க, பாவம், அது மேல தப்பே இல்ல. பின் சீட்டுக்கு அடியில கையை விட்டுப் பாருங்க, பன்னிக்கறி வச்ச ரொட்டி பாதி தின்னபடி கிடக்கும். தம்பி பொண்ணுங்க வேலை. அந்த வாசனைக்குத்தான் உங்க மோப்ப நாய் அப்படி ஆடாம அசையாம உக்காந்துட்டுது. இந்தப் பெட்டிக்காக இல்ல. இந்தப் பொடிக்கு வாசனையே கிடையாது.

ஆமா, வெள்ளைதான். நான் எப்ப இல்லேன்னு சொன்னேன்? வில்லா ஊர்த் துறையில கப்பலுக்கு நிக்கற வரிசை, தனியா ஒரு பொம்பளை, பெட்டிக்குள்ள பஞ்சு சுத்தின கண்ணாடிச் சாமான், கூட ஒரு பாட்டில் வெள்ளைப் பொடி. உங்க இடத்துல நான் இருந்தாலும் இறங்குன்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா மூடியை மட்டும் திறக்காதீங்க மரெஷால்லோ. கெஞ்சிக் கேக்கறேன். இந்தக் காத்துல திறந்தா கடல் ஈரம் அத்தனையும் உள்ள போயிரும், அப்புறம் அதைக் குப்பையிலதான் கொட்டணும்.

மரெஷால்லோதானே உங்க பதவி? தோள்பட்டையைப் பார்த்துச் சொன்னேன். தப்பா இருந்தா மன்னிச்சுக்கங்க.

பேரு அதுலயே ஒட்டியிருக்கே. டோபமைன் ஹைட்ரோகுளோரைடு. ஆமா, பத்திரிகையில எல்லாம் எழுதறாங்களே, சந்தோஷம் வந்தா மூளையில சுரக்குதுன்னு, அதேதான். அதோட உப்பு. உங்க தலைக்குள்ளயும் இருக்கு, நாய் தலைக்குள்ளயும் இருக்கு. ரொட்டி வாசனை வந்தப்ப அதுக்கு உள்ள ஊறினது இதுதான். ஆஸ்பத்திரியில ரத்த அழுத்தம் விழுந்தவங்களுக்குச் சொட்டுச் சொட்டா ஏத்தறாங்க. அதுக்காக இதைத் தின்னா சந்தோஷம் வந்துடும்னு நினைக்காதீங்க. வாய்தான் கசக்கும்.

நான் நெல்லா போன்ஃபீல்யோ. லைசென்ஸைத்தான் கையில வச்சிருக்கீங்களே. எதிர்க்கரை. அங்க வேதியியல் சொல்லித் தர்றேன், மிச்ச நேரம் ஆய்வுக்கூடம். இந்தக் கரைக்குக் காலையில வந்தேன், தம்பியைப் பார்க்க. அவனும் வேதியியல்தான். லில்லோ. மேல குன்றுல இருக்கற ஆய்வுக்கூடத்துல இருக்கான்.

என்ன பண்றோமா? தண்ணியில கரைக்கறோம். அவ்வளவுதாங்க. சிரிங்க சிரிங்க, எங்க அம்மாவும் இப்படித்தான் சிரிப்பாங்க. உப்பைத் தண்ணியில போட்டா கரையப் போகுது, அதுக்கு எதுக்குடி ரெண்டு பிள்ளைங்களைப் பெத்துப் படிக்க வச்சேன்னு.

கரைஞ்சதும் அது சும்மா கிடக்காது. அதுதான் விஷயம். ஹைட்ரஜனைக் கெட்டியாப் பிடிச்சுட்டு நிக்கும். தண்ணி புளிப்பா இருக்கறவரைக்கும் விடாது. நாங்க சொட்டுச் சொட்டா காரத்தைச் சேர்ப்போம். காரம்னா உங்க ஊரு மிளகாய் இல்ல, சவுக்காரத்துல இருக்கற காரம். சேர்த்துட்டே போனா ஒரு இடத்துல பிடியை விடும். இன்னும் போனா அடுத்த பிடியை விடும். எந்த இடத்துல விடுதுங்கறதைத்தான் நாங்க அளக்கறோம். அந்தப் பஞ்சுக்குள்ள இருக்கற கண்ணாடிக் குச்சி இருக்கு பாருங்க, அது சொல்லும். குத்திப் பாக்காதீங்க, நுனி முட்டை ஓடு மாதிரி. அது தெரிஞ்சாத்தான் ரத்தத்துல இது எந்த உருவத்துல ஓடுது, இரும்பைக் கண்டா ஒட்டிக்குமா, பாதரசத்தைக் கண்டா ஒட்டிக்குமான்னு கணக்குப் போட முடியும். மருந்து பண்றவன் எங்க எண்ணை எடுத்துத்தான் கணக்கைத் தொடங்குவான். நாங்க தப்பா அளந்தா அவன் கணக்கு முழுக்கத் தப்பு.

இல்லைங்க, அவனுக்கு போன் பண்ண வேணாம். இப்ப எடுக்க மாட்டான். எடுத்தாலும்... கொஞ்சம் இருங்க. நான் சொல்லி முடிச்சப்புறம் பண்ணுங்க, நம்பர் நானே தர்றேன். சத்தியமா தர்றேன்.

சோதிக்கணும்னா சோதிங்க. அந்தச் சின்னப் பையில போட்டு, உள்ள இருக்கற மருந்துக் குப்பியை உடைப்பீங்க, அதானே? சரி. காத்துக்கு முதுகைக் காட்டி நில்லுங்க. நான் மூடியைத் திறந்து பிடிச்சுக்கறேன், நீங்க உங்க குச்சி நுனியில ஒட்டற அளவு எடுங்க. போதும் போதும். என்ன வரணும் இப்ப? நீலமாச்சுன்னா கொக்கெயினா? சரி, பார்ப்போம். எனக்கு ஒண்ணும் பயமில்ல.

நீங்க அதைக் குலுக்கிட்டே இருங்க, நான் சொல்றேன். எனக்கும் தம்பிக்கும் எண்ணு ஒத்துப் போகலைங்க. அதுதான் சண்டை. ரெண்டு கரையிலயும் தனித்தனியா அளந்து, ரெண்டு பேர் பேரையும் போட்டு ஒரே கட்டுரையா எழுதினோம். புளிப்புப் பக்கம் ரெண்டு கோடும் ஒண்ணு மேல ஒண்ணு படுத்திருக்கும். காரத்துப் பக்கம் போனதும் அவன் கோடு தனியாப் பிரிஞ்சு போகும். கட்டுரையைப் படிச்சுப் பார்த்தவரு திருப்பி அனுப்பிட்டாரு. ரெண்டு பேர்ல யாரை நம்பறதுன்னு ஒரே வரி.

யாரை நம்பறது! ரெண்டு மாசமா போன்ல இதே ரகளை. உன் தண்ணி சரியில்லக்கா, எதிர்க்கரையில குழாயில துருதான் வருதுன்னுவான். உன் கை சரியில்லடா, சின்ன வயசுல இருந்து கிளாஸ் உடைக்கறவன் நீன்னுவேன். உன் பொடி பழசுன்னான். அந்த ஒரு வார்த்தையிலதான் எனக்கு ரோஷம் வந்துடுச்சு. சரிடா, என் பொடியையே எடுத்துட்டு வர்றேன், என் கண்ணாடிக் குடுவை, என் குச்சி, எல்லாத்தையும் கொண்டு வந்து உன் மேசையிலயே வைக்கறேன். உன் குடுவையும் என் குடுவையும் பக்கத்துல பக்கத்துல, ஒரே பாட்டில் பொடி, ஒரே தண்ணி. எது பிரியுதுன்னு பார்த்துருவோம்னேன். அவனுக்குச் செவ்வாய்க்கிழமை தேர்வுக் குழு இருக்கு. மேல் பதவி. இந்தக் கட்டுரையை முன்னாடி வைக்கணும். அதனால அவனும் வாயை மூடிக்கிட்டு வான்னுட்டான்.

ஆகலையா? நீலம் ஆகலை. பார்த்தீங்களா? தண்ணி மாதிரி இருக்கு. நான்தான் சொன்னேனே.

ரொம்ப நன்றி. இல்ல, பரவாயில்ல, கடமையைத்தானே செஞ்சீங்க.

ஆங், போறேன். போகத்தான் போறேன். அந்தக் கப்பல் போகட்டும், அடுத்ததுல ஏறிக்கறேன். பின்னாடி நிக்கறவங்களை இந்தப் பக்கமா விட்டுடுங்க, நான் ஓரமாத்தானே நிக்கறேன். மரெஷால்லோ, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். பாதியில விட்டுட்டேன்ல. உங்களுக்கு வேலை இருக்கும், தெரியும். ஆனா இப்ப நீங்க பண்ணீங்களே, குலுக்கினீங்க, ஒரே ஒரு தடவை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தீங்க, நீலம் இல்லேன்னு சொல்லிட்டீங்க. முடிஞ்சு போச்சு. இவ்வளவு சுளுவான விஷயம். அதைப் பத்தித்தான்.

காலையில துறைக்கு அவனே வந்திருந்தான் கூட்டிட்டுப் போக. கட்டிப் பிடிச்சான், பெட்டியை வாங்கிக்கிட்டான். இளைச்சிருந்தான். முன்ன எல்லாம் என்னைப் பார்த்ததும் தலைமுடி வெள்ளையானதுல இருந்து செருப்பு வரைக்கும் கிண்டல் பண்ணுவான். இன்னைக்கு ஒண்ணும் சொல்லலை. நான்தான் கேட்டேன், என்னடா, முடியை வெட்டிட்டு வந்திருக்கேன், கண்ணுல படலையான்னு. நல்லா இருக்குக்கான்னான். என் நெத்தியைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்துச்சு.

வண்டியை ரோட்டோரமா உரசிட்டே ஓட்டினான். மேல ஏற்றத்துக்கு முன்னாடி ஒரு ரவுண்டானா இருக்கு, தெரியுமில்ல, பெட்ரோல் பங்க் பக்கம்? அங்க ஸ்கூட்டர்ல ஒரு பொண்ணு நேர் எதிர்ல வந்துட்டா. நேர் எதிர்ல! இவன் பாட்டுக்குப் போறான். நான் போட்ட சத்தத்துல பிரேக் போட்டான். அந்தப் பொண்ணு கையை ஆட்டித் திட்டிட்டுப் போனா. அவன் சிரிக்கறான். நீ எப்பவும் கத்துவக்கா, அம்மா மாதிரின்னு. செவ்வாய்க்கிழமை பயத்துல புத்தி எங்கயோ இருக்குன்னு நான் நினைச்சுக்கிட்டேன்.

ஆய்வுக்கூடத்துல எல்லாம் தயாரா வச்சிருந்தான். அவன் கம்ப்யூட்டரைப் பார்த்தா சிரிப்பு. ஒவ்வொரு எண்ணும் என் உள்ளங்கை அளவு. எதுக்குடா, பக்கத்து ஊருக்குக் காட்டறதுக்கான்னேன். கண்ணு களைச்சுப் போகுதுன்னான். அதுலயும் எனக்கு ஒண்ணும் தோணலை பாருங்க.

ரெண்டு குடுவை. வெந்நீர்த் தொட்டியில பக்கத்துல பக்கத்துல. ரெண்டுக்கும் மேல நைட்ரஜன் விட்டோம். அது ரொம்ப முக்கியம். காத்து உள்ள போகவே கூடாது. புளிப்புப் பக்கம் காத்து பட்டாலும் பொறுத்துக்கும், காரத்துப் பக்கம் வந்துட்டா இந்தச் சாமான் காத்தைத் தாங்காது. பாழாப் போயிரும். ஆப்பிளை நறுக்கி வச்சா கறுத்துப் போகுதில்ல, அது மாதிரி. முதல்ல லேசா ரோஜா நிறம் தட்டும், அப்புறம் பழுப்பு, அப்புறம் மை மாதிரி கறுப்பு. ரோஜா நிறம் தெரிஞ்ச நிமிஷமே நிறுத்திடணும். அதுக்கு மேல அளக்கறது எல்லாம் பொய்.

சொட்டு விட ஆரம்பிச்சோம். மெஷினே விடும், நாம பார்த்துட்டு உக்காந்திருக்கணும். ரெண்டு கோடும் ஒண்ணாவே போச்சு. அவன் விசிலடிச்சுட்டு இருந்தான். பாதி தாண்டிச்சு. அப்பப் பார்க்கறேன், அவன் குடுவை ரோஜா நிறமா இருக்கு.

என் குடுவை தெளிவா இருக்கு. அவனுது ரோஜா நிறம். ஒரே பொடி, ஒரே தண்ணி.

எனக்கு சந்தோஷம், ஒளிப்பானேன். ஜெயிச்சுட்டேனே. டேய் லில்லோ, நிறம் தட்டுது பாரு, உன் மூடியில எங்கயோ ஓட்டைடான்னேன். அவன் வந்து குனிஞ்சான். எங்கக்கா, சுத்தமா இருக்கேன்னான். விளையாடறான்னு நினைச்சேன். தோத்துட்டா ஒத்துக்க மாட்டான், சின்னதுல இருந்தே. ஒரு வெள்ளைக் காகிதத்தை எடுத்துப் பின்னாடி பிடிச்சேன். இப்பச் சொல்லுடான்னேன். அவன் தலையை ஒரு பக்கமாச் சாய்ச்சான். கோழி தரையைப் பார்க்கும் பாருங்க, அது மாதிரி ஓரக்கண்ணால பார்த்தான். பார்த்துட்டு, தண்ணி மாதிரிதான் இருக்கு, நீ ஜெயிக்கணும்னு சொல்றன்னான்.

எனக்கு அந்தத் தலைச் சாய்ப்பு தெரியும். அதுதாங்க. அதைப் பார்த்ததும் கையில இருந்த காகிதத்தைக் கீழ வச்சுட்டேன்.

எங்க அம்மாவுக்கு ஒரு தம்பி. நுன்ஸியோ மாமா. நாங்க சின்னப் பிள்ளைங்களா இருந்தப்ப எங்க வீட்டுலதான் சாப்பாடு. ஒரு நாள் சாப்பிட உக்காந்தவரு தக்காளியைக் கையில எடுத்து, இப்படியே தலையைச் சாய்ச்சுப் பார்த்து, இது பழுத்ததா காயான்னு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சோம். அதுக்கு அடுத்த வருஷம் அவருக்கு முகம் தெரியலை. நடப்பாரு, கதவு நிலையில இடிக்காம வருவாரு, ஓரத்துல எல்லாம் தெரியும். நேரா நடுவுல மட்டும் ஒண்ணும் இருக்காது. அம்மா வழியா வர்றது அது, பெரும்பாலும் ஆம்பளைங்களைத்தான் பிடிக்கும். வலி கிடையாது, ஒண்ணும் கிடையாது. முதல்ல சிவப்பு போகும்.

நான் எதுவும் காட்டிக்கலை. ரெண்டு குடுவையில இருந்தும் கொஞ்சம் கொஞ்சம் ரெண்டு கிளாஸ்ல ஊத்தினேன். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சேன். உன்னுது எதுடான்னேன். சிரிச்சுட்டே, உன் இடது கையில இருக்கறதுன்னான்.

இடது கையில இருந்தது என்னுது.

கிளாஸைக் கீழ வச்சுட்டுக் கதவைச் சாத்தினேன். கதவு சத்தம் கேட்டதும் அவனுக்குப் புரிஞ்சு போச்சு. விசிலை நிறுத்திட்டான். எப்ப இருந்துடான்னேன். இடது கண்ணு கோடையிலயே போச்சுக்கான்னான். ஒரு கண்ணு போதுமேன்னு இருந்தேன். கிறிஸ்துமஸுக்கு அப்புறம் வலதுலயும் வர ஆரம்பிச்சுடுச்சு. நடுவுல ஒரு கறை. உன்னைப் பார்த்தா முடி தெரியுது, காது தெரியுது, முகம் இருக்கற இடத்துல சாம்பல். உன் முகம் பழசு ஞாபகம் இருக்கு, அதை வச்சு ஓட்டிக்கறேன்னு சொல்லிச் சிரிச்சான். அந்தச் சிரிப்புதாங்க தாங்க முடியலை. அவன் மூஞ்சியிலயே ஒண்ணு போட்டேன். நிஜமா அடிச்சேன். அப்புறம் ரெண்டு பேரும் தரையில உக்காந்து அழுதோம், அந்தத் தொட்டி பாட்டுக்குக் கொதகொதன்னு ஓடிட்டு இருக்கு.

டாக்டரா? ஒரே தடவை போயிருக்கான், வேற ஊர்ல, வேற யாருக்கும் தெரியாம. அவன் பெண்டாட்டி தேக்லாவுக்கே தெரியாது. அவ ரயில்ல டிக்கெட் பரிசோதகர், பாதி நாள் வெளியூர்ல. இன்னைக்கும் ரோம் வண்டியில போயிருக்கா, நாளைக்கு சாயங்காலம்தான் வருவா. வீட்டுல எல்லாம் தடவித் தடவிப் பழகி வச்சிருக்கான். முன்ன ஒரு மாணவி இருந்தா, நிறம் கிறம் பார்க்க. அவ வேற இடத்துக்குப் போனதுல இருந்து அந்தக் குடுவையை யாருமே கண்ணால பார்க்கலை. அவன் மூடியை எடுத்துப் பார்த்தேன். ரப்பர்ல இவ்வளவு நீளத்துக்கு விரிசல். நீங்களா இருந்தா இங்க நின்னே சொல்லியிருப்பீங்க. மாசக் கணக்கா அது வழியா காத்து போயிருக்கு, பாழாப் போனதை அளந்து அளந்து, அக்கா தண்ணி சரியில்லேன்னு என்கிட்ட சண்டை போட்டிருக்கான்.

எனக்குப் பிள்ளை கிடையாது. அது ஒரு விதத்துல நல்லதுன்னு இன்னைக்குத்தான் தோணுச்சு. இது பொண்ணுங்க வழியாத்தானே அடுத்த தலைமுறைக்குப் போகும்.

என்ன சொன்னானா? கெஞ்சினான். செவ்வாய்க்கிழமை வரைக்கும்கா, அது மட்டும்தான். பதவி கையில வந்துட்டா அப்புறம் கண்ணு போனாலும் வேலையை விட்டுத் தூக்க மாட்டாங்க, இப்பத் தெரிஞ்சா குழுவுல பேரையே படிக்க மாட்டாங்க. தேக்லாகிட்ட நானே சொல்றேன், அம்மாகிட்ட நானே சொல்றேன், நீ வாயைத் திறக்காதன்னான். சத்தியம் பண்ணச் சொன்னான். பண்ணினேன். தேக்லாகிட்ட சொல்ல மாட்டேன், அம்மாகிட்ட சொல்ல மாட்டேன், வேலை பார்க்கற இடத்துல யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அவன் தலையைத் தொட்டுப் பண்ணினேன்.

சும்மா பண்ணலை. பதிலுக்கு ஒரு சத்தியம் வாங்கினேன். இனிமே வண்டி ஓட்டக் கூடாது. ஒரு அடி கூட. அந்த ஸ்கூட்டர் பொண்ணு என் கண்ணுக்குள்ளயே நிக்கறா. ஓட்ட மாட்டேன்கா, உன் மேல ஆணைன்னான்.

அப்புறம் வேற மூடி போட்டோம். திரும்பப் புதுசாக் கரைச்சோம். இந்தத் தடவை அவன் கண்ணு தெரியலைங்கறதை மறைக்கலை, நான் பக்கத்துல உக்காந்து சொல்லிட்டே வந்தேன், தெளிவா இருக்குடா, இன்னும் தெளிவா இருக்குடான்னு. காரத்துப் பக்கம் போச்சு. ரெண்டு கோடும் சேர்ந்தே போச்சுங்க. கடைசி வரைக்கும். மயிரிழை கூட விலகலை. அவன் திரை மேல மூக்கை ஒட்டிக்கிட்டு, விரலால அந்தக் கோட்டைத் தடவிட்டே போனான். நாம ரெண்டு பேரும் ஒண்ணுதான்கான்னான். எனக்கு அந்த நிமிஷம் எல்லாமே சரியாப் போயிடும்னு தோணுச்சு. நிஜமா. கண்ணு கூட.

அதோட கிளம்பியிருக்கணும். நான் குடுவையைக் கழுவப் போனேன். பக்கத்து அறையில குழாய். அப்ப அவனுக்கு போன் வந்துச்சு. குழாயை மூடிட்டேன், இவன் பேசறது கேக்குது. நாளைக்குக் காலையிலயா? ஆமா, கொசென்ஸாதானே, எத்தனை மணிக்கு நீச்சல் போட்டி? என் பொண்ணுங்க ரெண்டோட உங்க மூணையும் ஏத்திக்கறேன், என் வண்டியில ஏழு பேருக்கு இடம் இருக்கு, கவலைப்படாதீங்கன்னு சொல்லிச் சிரிக்கறான்.

கொசென்ஸா. அந்தச் சாலை உங்களுக்குத் தெரியாததா? எத்தனை சுரங்கம், எத்தனை பாலம். வெயில்ல இருந்து இருட்டுக்குள்ள, இருட்டுல இருந்து வெயிலுக்கு. நல்ல கண்ணு இருக்கறவனே ஒரு நொடி தடுமாறுவான். அஞ்சு பொண்ணுங்க பின்னாடி பாட்டுப் பாடிட்டு உக்காந்திருக்கும்.

யாருடா போன்லன்னு கேட்டேன். எலெக்ட்ரீஷியன்னான். முகத்தைத் திருப்பக் கூட இல்ல. என் முகம்தான் அவனுக்குத் தெரியாதே, எதுக்குத் திருப்பணும்?

இல்ல, கத்தலை. கத்தினா இன்னொரு சத்தியம் பண்ணுவான், நான் நம்பிட்டு வந்துடுவேன். அவனுக்கு அந்தப் பொண்ணுங்கன்னா உசிருங்க. கெட்டவன் இல்ல. நாளைக்கு மட்டும், இந்த ஒரு தடவை மட்டும், சாலை மனப்பாடம்னு தனக்குத்தானே சொல்லி வச்சிருப்பான். இவ்வளவு நாளா அதைச் சொல்லித்தானே ஓட்டியிருக்கான்.

காபி குடிச்சுட்டு வர்றேன்டான்னு பெட்டியைத் தூக்கிட்டு வந்துட்டேன்.

காரோட காகிதமா? ஆங். கேட்டுட்டீங்களா. முன்னாடி அந்த டப்பாவுக்குள்ள இருக்கு, நீங்களே எடுங்க. பேரைப் படிங்க. லெத்தேரியோ போன்ஃபீல்யோ. ஆமா, லில்லோதான். எனக்குக் காரே கிடையாதுங்க, காலையில கப்பல்ல நடந்துதான் வந்தேன்.

சாவியை அவன் தரலை. ஆணியில கோட்டு மாட்டியிருந்துச்சு, பையில கையை விட்டு எடுத்துட்டேன். இந்நேரம் கீழ இறங்கி வந்து வண்டி நிறுத்தின இடத்துல தடவிட்டு நிப்பான். அக்கரைக்குக் கொண்டு போயிடலாம்னு வரிசையில சேர்ந்தேன். சேர்ந்தப்புறம்தான் உறைச்சுச்சு, வீட்டுல அவன்கிட்ட இன்னொரு சாவி இருக்கு. அடுத்த கப்பலைப் பிடிச்சு வந்து என் வாசல்ல இருந்தே எடுத்துட்டுப் போயிடுவான். வேற வண்டி யார்கிட்டயும் கேக்க மாட்டான், அதுல எந்தப் பொத்தான் எங்க இருக்குன்னு அவனுக்குத் தெரியாது. இது ஒண்ணுதான். என்ன பண்றதுன்னு தெரியாம ஸ்டியரிங்கைப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தேன். அப்பத்தான் உங்க நாய் வந்து உக்காந்துச்சு. நீங்க அந்தப் பொடியைப் பார்த்துட்டு உடனே விட்டுடுவீங்களோன்னுதான் எனக்கு பயம்.

சத்தியத்தை நான் மீறலை. நீங்க என்ன பொடின்னு கேட்டீங்க, அதைத்தான் சொன்னேன்.

இப்ப போன் பண்ணுங்க, நம்பர் சொல்றேன். திருட்டுப் போச்சுன்னு அவன் சொல்லுவான், அப்படியே எழுதிக்கங்க, என் பேரையும் போடுங்க. நான் எங்க வேணும்னாலும் உக்காந்துக்கறேன். வண்டியை மட்டும் உங்க கொட்டகையில பூட்டிடுங்க, நாளைக்குப் போட்டி முடிஞ்சு, திங்கக்கிழமை வரைக்கும் யாரு வந்து கேட்டாலும் தர முடியாதுன்னு ஏதாவது ஒரு சட்டம் இருக்குமில்ல, அதைப் போடுங்க.

இந்தாங்க சாவி.